நோகாத கறுப்புப் பொருக்கும் உண்ணிக்காய்ச்சலும்

மாரி காலத்திலை யாழ்ப்பாணத்திலை ஆருக்கும் காய்ச்சல் எண்டா முதல் வாற கேள்வி "டெங்கோ?" எண்டதுதான். அது நியாயமான கேள்விதான், மார்கழி தையிலைதான் இஞ்சை டெங்கு கூட. பிறகு 2024 டிசம்பரிலை கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் சனம் அடுத்தடுத்துச் செத்து, முதல் மர்மக்காய்ச்சல் எண்டு கதைச்சு, பேந்து அது எலிக்காய்ச்சல் எண்டு தெரிஞ்ச பிறகு "வயலுக்கை இறங்கினனியோ?" எண்டு ரெண்டாவது கேள்வியும் வந்திட்டுது. மூண்டாவதா ஒரு காய்ச்சல் இருக்கு, அதை ஆரும் கேக்கிறேல்லை. உண்ணிக்காய்ச்சல், பற்றைக்கை இருக்கிற, கண்ணுக்குத் தெரியிறதே அருமையான ஒரு சின்ன உண்ணி கடிச்சு வாறது, டொக்டர்மார் ஸ்க்ரப் டைபஸ் எண்டுவினம். எனக்கு வந்து படுத்துக் கிடந்து எழும்பின பிறகு பாத்தா எங்கடை ஒழுங்கைக்குள்ளையே ரெண்டு மூண்டு பேருக்கு முந்தி வந்து போயிருக்கு, ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதாலைதான் இதை எழுதுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

எங்கடை காணி வலிகாமம் வடக்கிலை. 1990 ஆனியிலை சண்டைக்குள்ளை விட்டிட்டு வெளிக்கிட்டது. மயிலிட்டிப் பக்கம் 2017 ஆடி மாசம் ஆமிக்காரர் விட்டவங்கள், எங்கடை துண்டு அதுக்கும் பிந்தித்தான் கைக்கு வந்தது. வீடு எண்டு சொல்ல ஒண்டுமில்லை, அத்திவாரமும் கிணறும்தான். மற்றதெல்லாம் நாயுண்ணிப் பற்றை, ஈச்சை, விடத்தல், பனைக்குக் கீழை வருசக்கணக்கா விழுந்து குவிஞ்ச காவோலை. ஒருக்கா வெட்டினா அடுத்த மாரிக்கு முந்தினதை விட மோசமா வரும். 2024 நவம்பர் கடைசியிலை புயலோடை வந்த மழைக்குப் பிறகு பாத்தா கிணத்துக்குப் போற பாதையே தெரியேல்லை.

நத்தார் கழிஞ்ச கையோடை நானும் தம்பியும் கூலிக்கு ரெண்டு பெடியளும் போய் வெட்டத் தொடங்கினம். காவோலைக் குவியலை இழுக்க இழுக்க எலி ஓடுது. சாரத்தைச் சண்டிக்கட்டு கட்டிக்கொண்டு வெறுங்காலோடைதான் வேலை, மத்தியானம் சாப்பாட்டுப் பாசலை அவிட்டுச் சாப்பிட்டிட்டு அந்தப் புல்லுக்கையே ஒரு சின்ன நித்திரை. காணி துப்பரவாக்கப் போற எவரும் செய்யிறதுதான். ஒண்டும் கடிச்ச மாதிரி ஒரு உணர்வும் இல்லை, சொறியவும் இல்லை.

புதுவருசம் போய் திருவெம்பாவை தொடங்கின நேரம் காய்ச்சல் பிடிச்சுது. பிடிச்சுது எண்டா சும்மா இல்லை, விறைச்சு நடுங்கி, ரெண்டு போர்வை போத்தும் காணாது. தலையிடிதான் எல்லாத்திலையும் கொடுமை, நெத்திக்கும் கண்ணுக்குப் பின்னாலையும் இறுக்கிப் பிடிச்ச தலையிடி, லயிற்றைப் பாக்கேலாது. உடம்பு முழுக்க உளைவு. பனடோல் போட்டாக் கொஞ்சம் இறங்கி நாலு மணித்தியாலத்திலை திரும்ப ஏறும். மனிசி கொத்தமல்லி அவிச்சுத் தந்தா, மாமி வந்து பாத்திட்டு நெஞ்சிலை சிவப்புப் புள்ளி புள்ளியா இருக்கிறதைக் கண்டு "தம்பி, இது அம்மாள் வருத்தம் போல கிடக்கு, மச்சம் ஒண்டும் வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ" எண்டு வாசலிலை வேப்பிலை செருகிப் போட்டா. அம்மாள் வருத்தத்துக்கு நீர்க்கொப்புளம் போடும், இது தட்டையா சிவப்பா இருந்தது, ஆனா அந்த நேரம் ஆர் அதை ஆராயிறது.

பக்கத்திலை ஒரு பிறைவேற் டொக்டரிட்டைக் காட்டினம். டெங்கு அன்ரிஜன் இல்லை எண்டு வந்தது, தொண்டை சிவந்திருக்கு எண்டு அமொக்சிசிலின் எழுதித் தந்தவர். ஒழுங்காப் போட்டன், ஒரு மாற்றமும் இல்லை. ஏன் கேக்கேல்லை எண்டு பேந்து ஆஸ்பத்திரியிலைதான் விளங்கப்படுத்தினவை: இந்தக் கிருமி எங்கடை உடம்புக் கலங்களுக்கு உள்ளை புகுந்து இருந்து பெருகிற சாதி, அமொக்சிசிலின் மாதிரிப் பெனிசிலின் குடும்பமோ செபலோஸ்போரின் ஊசியோ அதை ஒண்டும் செய்யாது. நீங்கள் எத்தினை விலையான அன்ரிபயோட்டிக் போட்டாலும், வகை பிழைச்சா அது போடாததுக்குச் சமன். அவர் என்னைக் காணிக்கை போனனியோ எண்டு கேக்கேல்லை எண்டது எனக்கு இப்பவும் மனசிலை கிடக்கிற ஒரு குறைதான்.

பிறகு காது கூவத் தொடங்கிச்சுது. மனிசி கூப்பிடுறது தூரத்திலை கேக்கிற மாதிரி. மூச்சும் கொஞ்சம் இழுக்குது. இனி வீட்டை வைச்சிருக்கேலாது எண்டு தம்பி ஓட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டான்.

வார்ட்டிலை ரத்தம் எடுத்துப் பாத்தா பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, ஈரல் றிப்போட்டும் ஏறியிருக்கு. பிளேட்லெட் குறைஞ்சா டெங்குதான் எண்டு எங்கடை சனம் முடிவெடுத்திடும், பக்கத்துக் கட்டில்காரரின்ரை ஆக்கள் அப்பவே பப்பாசி இலைச்சாறு பற்றிக் கதைக்கத் தொடங்கியிட்டினம். ஆனா உண்ணிக்காய்ச்சலிலையும் பிளேட்லெட் இறங்கும், எலிக்காய்ச்சலிலையும் இறங்கும். அதை வைச்சுப் பிரிக்கேலாது.

பிரிச்சது ஒரு சின்ன டொக்டர் பிள்ளை. படிப்பு முடிச்சுப் புதுசா வந்த வயசுதான் இருக்கும். வந்து கட்டிலிலை இருந்து, கடைசி மூண்டு கிழமையும் எங்கை எங்கை போனீங்கள், என்ன வேலை செய்தீங்கள் எண்டு கேட்டா. காணி துப்பரவாக்கினது எண்டு சொன்ன உடனை முகம் மாறிச்சு. நேர்சிட்டைச் சொல்லித் திரையை இழுத்துவிட்டு, ரோச் லயிற் ஒண்டோடை கமக்கட்டு, காதுக்குப் பின்பக்கம், முழங்காலுக்குப் பின்பக்கம் எண்டு தேடத் தொடங்கினா. "ஐயா, சாரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கோ, வெக்கப்படாதேங்கோ" எண்டா. மகளின்ரை வயசுப் பிள்ளை, எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. சாரம் இறுக்கிக் கட்டுற இடத்திலை, தொப்புளுக்கு ஒரு சாண் பக்கத்திலை, இருந்தது. சிகரெட்டாலை சுட்ட மாதிரி வட்டமா, நடுவிலை கறுப்புப் பொருக்கு, சுத்திவரச் சின்னச் சிவப்பு வளையம். அவ விரலாலை அமத்தினா, எனக்கு நோவே இல்லை. குளிச்சிருக்கிறன், சாரம் மாத்தியிருக்கிறன், அது அங்கை இருந்தது எனக்கோ மனிசிக்கோ தெரியாது. அதுக்குக் கிட்ட கவட்டுக்கை நெறி கட்டியிருந்தது, அதை மட்டும் தொட்டா நொந்தது.

இதுதான் இந்தக் கதையிலை முக்கியமான சாமான். நோகாது, சொறியாது, அதோடை அது இருக்கிற இடங்கள் எல்லாம் மறைவான இடங்கள். கமக்கட்டு, கவடு, இடுப்பு, பொம்பிளையளுக்கு மார்புக்குக் கீழை, சின்னப் பிள்ளையளுக்குத் தலைமயிருக்கை கூட. அந்த உண்ணி கடிச்ச இடம்தான் பொருக்காகிறது, உடுப்பு இறுகிற இடத்திலை போய்த்தான் அந்தப் பூச்சி நிக்கும். எல்லாருக்கும் பொருக்கு வராது, வராட்டி உண்ணிக்காய்ச்சல் இல்லை எண்டும் இல்லை. ஆனா இருந்தா அது ஒரு பெரிய அத்தாட்சி. காய்ச்சல்காரரை வீட்டிலை குளிப்பாட்டிற, உடுப்பு மாத்திற ஆக்கள்தான் இதைக் காணக்கூடிய ஆக்கள், டொக்டர் கேக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காமல் நீங்களே ஒருக்கால் தேடிப் பாருங்கோ.

அண்டைக்கே டொக்ஸிசைக்கிளின் தொடங்கினவை, 100 மில்லிகிராம் குளிசை, காலையும் இரவும். ரத்தம் எடுத்து அன்ரிபொடி, அதுதான் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கிற சாமான், பாக்க அனுப்பினவை, ஆனா அதுக்காக மருந்தை வைச்சிருக்கேல்லை. ஏனெண்டா முதல் கிழமையிலை அன்ரிபொடி ஒழுங்கா ஏறியிராது, றிப்போட்டும் சுறுக்கா வராது, அதுக்குள்ளை நெஞ்சிலை, சிறுநீரகத்திலை, மூளையிலை போய் நிண்டிட்டுது எண்டா ஐசியூ கேஸ். பிந்தினாத்தான் இந்த நோய் ஆளைக் கொல்லும். சந்தேகம் வலுவா இருந்தா மருந்தைத் தொடங்கு, றிப்போட் வரேக்கை வரட்டும் எண்டதுதான் இதிலை முறை. என்ரை றிப்போட் வர முதலே நான் வீட்டை வந்திட்டன்.

குளிசை தொடங்கி அடுத்த நாள் பின்னேரம் எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு, போட்டிருந்த சேர்ட் பிழியலாம். இரவு பசிச்சுது. அத்தினை நாளும் கஞ்சியைக் கண்டாலே ஓங்காளிச்ச மனிசன் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த இடியப்பத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். 48 மணித்தியாலத்துக்குள்ளை காய்ச்சல் விடுறதே இந்த நோய்க்கு ஒரு சோதனை மாதிரித்தான், விடாட்டி வேறை ஏதும் இருக்கோ எண்டு திரும்ப யோசிப்பினம் எண்டு பெரிய டொக்டர் சொன்னவர். விலையைக் கேட்டாச் சிரிப்பீங்கள், எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயல் சனத்துக்கு பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார்) குடுக்கிற அதே குளிசைதான்.

இதுக்கிடையிலை அந்த்ராக்ஸ் எண்டு ஒரு கதையும் நடந்தது, அது ஆடு மாட்டிலை இருந்து மனிசருக்கு வாற ஒரு நோய். தம்பி அந்தப் பொருக்கைப் போனிலை படம் எடுத்துக் குடும்ப வைபருக்கை போட்டிட்டான். கனடாவிலை இருக்கிற பெறாமகன் உடனை கோல் எடுக்கிறான், "சித்தப்பா, நோகாத கறுப்புப் பொருக்கு எண்டா அந்த்ராக்ஸ், நீங்கள் புதுவருசத்துக்குப் பங்கு ஆடு உரிச்சனீங்கள் எல்லோ, டொக்டரிட்டை உடனை சொல்லுங்கோ." உரிச்சது உண்மைதான். பங்கிறைச்சி எடுத்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் பெண்டுகள் போன் போட்டு, சமைச்சதை என்ன செய்யிறது எண்டு ஒரு பெரிய கலவரம். பிறிட்ஜிலை வைச்சிருந்த பங்கை ஒரு அக்கா அப்பிடியே கிடங்கு வெட்டித் தாட்டுப் போட்டா, ஆட்டின்ரை விலை உங்களுக்குத் தெரியும்.

பெரிய டொக்டர் சிரிக்கேல்லை, பொறுமையாச் சொன்னவர். பெடியன் தேடினது பிழை இல்லை, நோகாத கறுப்புப் பொருக்கு ரெண்டிலையும் வரும். ஆனா தோலிலை வாற அந்த்ராக்ஸ் கூடுதலா கை, முகம், கழுத்து எண்டு திறந்த இடத்திலை, இறைச்சியோ தோலோ தொட்ட இடத்திலை வரும். முதல் பூச்சி கடிச்ச மாதிரிச் சொறியும், பேந்து நீர்க்கொப்புளம், அதுக்குப் பிறகுதான் கறுக்கும், சுத்திவர இருக்கிற சதை புண்ணுக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு ஊதி வீங்கும். என்ரை இடுப்பிலை வீக்கமே இல்லை, சாரத்துக்குக் கீழை மறைஞ்சு கிடந்தது. ஆடும் நல்ல சுகமா நிண்டு புல்லுத் திண்ட ஆடு. அதோடை ஒரு சங்கதி சொன்னவர், தோல் அந்த்ராக்சுக்கும் இதே டொக்ஸிசைக்கிளின் கேக்கும் எண்டு. வைத்தியம் செய்யாமல் விட்டா தோல் அந்த்ராக்சிலை நூறிலை 10 தொடக்கம் 20 பேர் வரை சாகலாம், நேரத்துக்கு மருந்து குடுத்தா ஒருத்தர் கூடச் சாகிறது அருமை. 2001இலை அமெரிக்காவிலை கடிதத்துக்கை பவுடர் போட்டு அனுப்பின நேரம் 22 பேருக்கு வந்து 5 பேர் செத்தவை, அந்த அஞ்சு பேரும் மூச்சாலை உள்ளை இழுத்தவை, தோலிலை வந்த ஆக்கள் எல்லாரும் தப்பியிட்டினம்.

வீட்டை வந்து படுத்திருக்கேக்கை நானும் கொஞ்சம் வாசிச்சன், வேலை ஒண்டும் இல்லைத்தானே. எங்கடை பழைய ஆக்கள் மாட்டுக்கு வாற அடைப்பான் எண்டு சொல்லுறது இதைத்தான். அதின்ரை வித்து மண்ணுக்கை பத்துப் பதினைஞ்சு வருசம் இல்லை, அதுக்கும் மேலாலை உயிரோடை கிடக்கும். ஸ்கொட்லாந்திலை குறுய்னார்ட் எண்ட ஒரு சின்னத் தீவிலை 1942இலை வெள்ளைக்காரன் இதைக் குண்டிலை வைச்சுப் பரிசோதிச்சுப் போட்டு, 1990 மட்டும் சனம் போகேலாமல் மூடி வைச்சிருந்தவன். எங்கடை காணியும் 1990இலை பூட்டினதுதான், அவங்கள் திறக்க இஞ்சை பூட்டினாங்கள் எண்டு எனக்கு ஒரு நினைப்பு வந்தது. சரி அதை விடுவம். ஆடு மாடு வளர்க்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும்: நல்லா நிண்ட மிருகம் திடீரெண்டு விழுந்து செத்து, மூக்காலை வாயாலை பின்னாலை உறையாத கறுத்த ரத்தம் வந்தா, அதை வெட்டாதேங்கோ, உரிக்காதேங்கோ, வீணாப்போகுது எண்டு பங்கு போடாதேங்கோ. அவிச்சாலும் அந்த வித்துச் சாகும் எண்டு நம்பேலாது. நாய் காகம் கிட்டப் போகாமல் பாத்துக்கொண்டு மிருக வைத்தியர் கந்தோருக்குச் சொல்லுங்கோ, எப்பிடிப் புதைக்கிறது எண்டு அவை சொல்லுவினம்.

குளிசை போடுற விதத்திலையும் கொஞ்சம் விசயம் இருக்கு, இதை நேர்ஸ் அக்கா சொல்லித் தந்திராட்டி நான் பால்தேத்தண்ணியோடைதான் போட்டிருப்பன். பால், தயிர், இரும்புச்சத்துக் குளிசை, வயித்தெரிவுக்குக் குடிக்கிற மருந்து இதுகளோடை டொக்ஸிசைக்கிளினைச் சேர்த்துப் போட்டா உடம்புக்கை ஒழுங்கா இழுபடாது, ரெண்டுக்கும் இடையிலை நல்ல இடைவெளி விடவேணும். சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய கிளாஸ் தண்ணியோடை போட்டிட்டு ஒரு அரை மணித்தியாலம் எண்டாலும் நிமிர்ந்து இருக்கவேணும், போட்டிட்டு உடனை சாய்ஞ்சா குளிசை தொண்டைக்குழாயிலை ஒட்டிப் புண்ணாக்கிப் போடும். எனக்குப் பக்கத்துக் கட்டில் அண்ணை இரவுக் குளிசையை ஒரு மிடறு தண்ணியோடை விழுங்கிப்போட்டுப் படுத்து, அடுத்த நாள் சோறு விழுங்க ஏலாமல் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். வெயிலுக்கை போனாத் தோலும் சுறுக்கா எரியும். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு குளிசையை நிப்பாட்டாதேங்கோ, ஒரு கிழமைக்குத் தந்தா ஒரு கிழமையும் போடுங்கோ. பிள்ளைத்தாய்ச்சியளுக்கு இது குடுக்காமல் அசித்ரோமைசின் குடுப்பினம், ஆனபடியா கர்ப்பம் எண்டா அல்லது சந்தேகம் எண்டாலும் முதலே சொல்லிப்போடவேணும். இந்தக் குளிசை விசயம் தெரிஞ்சிட்டுது எண்டு பாமசியிலை நீங்களா வாங்கிப் போட்டிட்டு வீட்டை கிடக்கிற வேலையும் வேண்டாம், டெங்குவா இருந்தா அந்த நாளுக்கை ஆள் முடிஞ்சிடும். காய்ச்சல் என்னெண்டு தெரியும் மட்டும் புரூபன், அஸ்பிரின், வோல்டரின் ஒண்டும் கிட்டவும் எடுக்கப்படாது, பனடோல் மட்டும்.

காய்ச்சல் விட்டாலும் உடம்பு வரக் கனகாலம் எடுத்தது. பொங்கல் ஆஸ்பத்திரியிலைதான், தம்பியின்ரை மனிசி புக்கை கொண்டு வந்து தந்தா. வீட்டை வந்த பிறகு கிணத்திலை ஒரு வாளி இழுத்தா நிண்டு மூச்செடுக்கவேணும், சைக்கிள் மிதிச்சா முழங்கால் நடுங்கும். காதுக் கூவல் மெல்ல மெல்லத்தான் நிண்டது. பொருக்கு தன்ரை பாட்டிலை காய்ஞ்சு விழுந்திட்டுது, அதுக்கு மருந்து ஒண்டும் பூசேல்லை. மாமி மட்டும் அம்மாளுக்குப் பொங்கவேணும் எண்டு நிண்டு பொங்கினவ, நானும் போய் நிண்டன்.

உண்ணி எண்டு சொன்னாலும் இது மாட்டிலை நாயிலை பிடிச்சு ஊதி நிக்கிற உண்ணி இல்லை. அதிலும் எத்தினையோ மடங்கு சின்னது, கண்ணுக்குத் தெரியிறது அருமை. குஞ்சுப் பருவத்திலை இருக்கேக்கைதான், ஆறு காலோடை, ஒரே ஒருக்கால் மிருகத்திலையோ மனிசரிலையோ ஏறி ஊறுநீர் எடுக்கும், வளர்ந்த பிறகு எங்களைத் தேடாது. எலிதான் அதுக்குச் சாப்பாடு, பற்றைதான் வீடு. கிருமி தாய்ப்பூச்சியிலை இருந்து முட்டை வழியாக் குஞ்சுக்குப் போகும், அதாலை ஒரே காணியிலை ஒரு மூலையிலை இருக்கும், மற்ற மூலையிலை இருக்காது. எங்களோடை வெட்டின பெடியளுக்கு ஒண்டும் வரேல்லை, தம்பிக்கும் இல்லை. ஒராளிலை இருந்து மற்ற ஆளுக்குத் தொத்தாது, ஆனபடியா நோயாளியைத் தள்ளி வைக்கிற வேலை தேவையில்லை. தடுப்பூசி எண்டு ஒண்டும் இல்லை. ஒருக்கால் வந்தா இனி வராது எண்டும் இல்லை, கனக்க வகைக் கிருமி. ரெண்டாம் உலக யுத்தத்திலை பர்மாக் காட்டுக்கை நிண்ட ஆமிக்காரரைப் படுக்கையிலை போட்டது இதே காய்ச்சல்தான், அப்ப இதுக்கு மருந்தே இல்லை, 1948இலைதான் மலாயாவிலை முதல் முதலாக் குளோரம்பெனிக்கோல் குடுத்து மாத்தினவங்கள்.

காணிக்கு இப்பவும் போறனான், விட ஏலாதுதானே. சண்டிக்கட்டு இல்லை, நீளக் காற்சட்டை, அதைச் சொக்சுக்கை செருகி, பூட்ஸ். வெறும் புல்லிலை இருக்கிறேல்லை, சாக்கோ கதிரையோ கொண்டு போவம். கழட்டின சேர்ட்டைப் பற்றையிலை போடுறேல்லை, கிணத்துக் கப்பிக் கம்பத்திலை கொழுவிறது. வீட்டை வந்த உடனை உள்ளை போகாமல் சவுக்காரம் போட்டு நல்லா உரஞ்சிக் குளிக்கவேணும், பூச்சி ஏறி உடனை கடிச்சுப் பிடிக்கிறேல்லை, இடம் தேடித் திரியும், அதுக்கை குளிச்சாக் கழுவுப்பட்டிடும். போட்ட உடுப்பு நேரா சுடுதண்ணி வாளிக்கை. காவோலையையும் விறகையும் வீட்டுச் சுவரோடை அடுக்கி வைச்சிருந்ததை எடுத்துப் பின்வேலிக்குக் கொண்டு போட்டம், எலிப்பொறியும் வைச்சிருக்கு. மனிசி நான் குளிச்சிட்டு வந்தா "இஞ்சாருங்கோ, திரும்புங்கோ பாப்பம்" எண்டு ரோச் லயிற்றோடை நிப்பா, ஆரம்பத்திலை பகிடியா இருந்தது, இப்ப பழகியிட்டுது.

பெறாமகன் விடுமுறைக்கு வாறானாம், தாத்தாவின்ரை காணியைப் பாக்கவேணுமாம், கட்டைக் காற்சட்டையோடைதான் வந்து இறங்குவான் எண்டு எனக்குத் தெரியும். அங்கை டீட் எண்ட சாமான் சேர்ந்த, மேலிலை பூசுற பூச்சி விரட்டி நல்லது விக்குதாம், வாறபோது நாலைஞ்சு போத்தல் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன்.